இடுப்பளவிலிருந்து தலையளவு வரை: சிறிய அலைக்கு எந்த போர்டு?

சர்ஃபிங் போர்டு பற்றிய உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கே வைத்துக்கொள்கிறேன். உங்கள் எடை 72 கிலோ. கையில் இருப்பது 6 அடி நீளம், 18¾ அங்குல அகலம், 2⅜ அங்குலத் தடிமன், 28 லிட்டர் கன அளவு உள்ள வழக்கமான ஷார்ட்போர்டு. தலையளவு அலையில் அது நன்றாகத் திரும்புகிறது. இடுப்பளவு, மார்பளவு அலையிலோ எழுந்து நின்ற சற்று நேரத்திலேயே வேகம் செத்துவிடுகிறது. 33 லிட்டரில் ஒன்று வாங்கினால் சரியாகுமா, இல்லை மீன் வால் போல வெட்டிய குட்டையான, அகலமான ஃபிஷ் போர்டுக்குப் போய்விடலாமா? கூர்மையாகத் திரும்புவதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை என்கிறீர்கள்.

என் பதில்: 33 வேண்டாம், 30 அல்லது 31 லிட்டர் போதும். ஃபிஷ்ஷும் வேண்டாம். அடிப்புற வளைவு குறைந்த, வால் சற்று அகலமான, இப்போது இருப்பதைவிட இரண்டு மூன்று அங்குலம் குட்டையான ஒரு போர்டைத் தேடுங்கள். இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது வளைவு. லிட்டர் அதற்கு அப்புறம்தான்.

லிட்டர் என்ற எண்ணை எல்லோரும் கையில் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கணினியில் வடிவமைக்கும் காலம் வந்த பிறகு ஒவ்வொரு போர்டின் மேலும் அந்த எண்ணை எழுதிவிடுகிறார்கள், ஒப்பிடச் சுலபமாக இருக்கிறது. அது பயனற்ற எண்ணும் அல்ல. படுத்துக்கொண்டு கையால் துழாவிப் போகும்போது உங்களைத் தாங்குவது அந்த மிதப்புதான். உங்கள் 28 லிட்டரை எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.39 வருகிறது. நன்றாகப் பழகியவர் தலையளவு அலையில் வைத்துக்கொள்ளும் அளவு அது. சிறிய அலைக்கு 0.42, 0.43 என்று ஏறினால் அலையைப் பிடிப்பது எளிதாகும். 30, 31 என்று சொன்னது அந்தக் கணக்கில்தான்.

ஆனால் உங்கள் புகார் அலையைப் பிடிக்க முடியவில்லை என்பது அல்ல. பிடித்து எழுந்து நின்ற பிறகு வேகம் போய்விடுகிறது என்பது. எழுந்து நின்ற பிறகு போர்டு மிதப்பதில்லை, நீரின் மேல் சறுக்கி ஓடுகிறது. அப்போது உங்களைத் தூக்கிப் பிடிப்பது அடிப்பரப்பில் வந்து மோதும் நீர். அந்த நேரத்தில் போர்டுக்குள் இருக்கும் ஃபோம் எத்தனை லிட்டர் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. அடிப்பரப்பு எவ்வளவு, அது எவ்வளவு தட்டை என்பதே கணக்கு.

இப்போதைய போர்டை நீளத்தையும் அகலத்தையும் மாற்றாமல் 33 லிட்டருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள். தடிமன் 2.8 அங்குலத்துக்குப் போகும். அடிப்பரப்பு அப்படியேதான் இருக்கும், வளைவும் அப்படியேதான். கூடியது மிதப்பும் ரெயிலின், அதாவது போர்டின் பக்க ஓரத்தின் பருமனும் மட்டும். எழுந்து நின்றதும் பழைய போர்டு நின்ற இடத்திலேயே இதுவும் நிற்கும். இதோடு, பருத்த ரெயிலைத் திரும்பும்போது நீருக்குள் அமிழ்த்த முடியாமல் போர்டு உங்களைத் துள்ளி வெளியே தள்ளும். லிட்டரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிறிய அலையில் எவ்வளவு குறைகிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறது. கரையோரத்தில் அலை உடைகிற இடத்தில் நீரின் ஆழம் பொதுவாக அலையின் உயரத்தைப் போல 1.3 மடங்கு இருக்கும். ஆழம் குறைந்த நீரில் அலை ஓடும் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 2 மீட்டர் அலை உடையும்போது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1 மீட்டர் அலை மூன்றரை மீட்டரில். வேகம் 30 சதவீதம்தான் குறைந்தது, பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் போர்டைத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 0.7 மடங்கானால் அதே அடிப்பரப்பு தரும் தூக்கு விசை பாதியாகிவிடும். உங்கள் எடை மட்டும் அதே 72 கிலோ.

அந்தப் பாதியை ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, மூக்கைத் தூக்கி வாலை அழுத்தி, அடிப்புறம் நீரைச் சந்திக்கும் கோணத்தைக் கூட்டுவது. உங்கள் போர்டு இப்போது இதைத்தான் செய்கிறது. தூக்கு விசை கிடைக்கும், கூடவே எதிர்ப்பும் ஏறும். முன்னால் நீரைத் தள்ளிக்கொண்டே போய் நின்றுவிடும். இன்னொன்று, அடிப்பரப்பைக் கூட்டி அதைத் தட்டையாக்குவது. தட்டைக் கல்லைக் குளத்தில் சாய்த்து வீசினால் அது தவ்வித் தவ்விப் போவதும், உருண்டைக் கல் ஒரே அடியில் மூழ்குவதும் இந்தக் காரணத்தால்தான்.

அலையின் உயரத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்பதும் முக்கியம். 12 வினாடி இடைவெளியில் வரும் இடுப்பளவு அலைக்கு நல்ல தள்ளு இருக்கும், பழைய போர்டே போதும் என்று தோன்றும். 6 வினாடியில் காற்று கிளப்பிவிடும் அதே உயர அலை சவசவவென்று இருக்கும். உங்கள் பக்கம் பெரும்பாலும் எது வருகிறது என்று கவனித்துவிட்டு ஷேப்பரிடம், அதாவது போர்டைச் செதுக்கித் தருபவரிடம் பேசுங்கள். இரண்டாவது வகை என்றால் நான் சொல்லும் ஒவ்வொரு அளவிலும் இன்னும் கொஞ்சம் தட்டை, இன்னும் கொஞ்சம் அகலம் என்று கேளுங்கள்.

இனி ராக்கர், அதாவது மூக்கிலிருந்து வால்வரை அடிப்புறம் வளைந்திருக்கும் அந்த வளைவு. வழக்கமான ஷார்ட்போர்டில் மூக்கு ஏறத்தாழ 5 அங்குலமும் வால் இரண்டரை அங்குலமும் உயர்ந்திருக்கும். செங்குத்தான அலையில் இறங்கும்போது மூக்கு குத்தாமல் காப்பது அந்த வளைவு. சிறிய அலையில் செங்குத்தே இல்லை, வளைவு வெறும் சுமையாகிவிடுகிறது. முக்கியமாக வால் பக்கத்து வளைவு. நீர் வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டே ஓடும் குணம் உள்ளது, அப்படி ஓடும்போது வாலைக் கீழே இழுக்கும். உங்களுக்கான போர்டில் மூக்கு நாலரை அங்குலத்துக்குள்ளும் வால் இரண்டு, இரண்டேகால் அங்குலத்துக்குள்ளும் இருந்தால் நல்லது.

இந்த எண்களை எல்லா இடத்திலும் சொல்லமாட்டார்கள். நீங்களே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான அளவுகோல் ஒன்றை எடுத்து, போர்டைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் ஓடும் மரக்கோட்டின் மேல் நீளவாக்கில் வையுங்கள். கண்ணை அளவுகோலின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் அளவுகோல் பலகையைத் தொடும், அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரு வெளிச்சக் கீற்று விரியும். உங்கள் பழைய போர்டில் அந்தக் கீற்று சீக்கிரமே விரல் நுழையும் அளவுக்கு விரிந்துவிடும். சிறிய அலை போர்டில் முன்பாதத்தின் கீழிருந்து, வால் பக்கம் அடியில் இருக்கும் துடுப்புகளான ஃபின்களுக்கு முன்னால்வரை நூல் மாதிரி ஒல்லியாகவே நிற்கும். இரண்டு போர்டுகளைப் பக்கத்தில் போட்டு இப்படிப் பார்த்துவிட்டால், லிட்டர் எண் மறைத்து வைத்திருந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தட்டையான போர்டு வேகமாக ஓடும், சரி. திரும்புமா? உங்கள் கேள்வியின் உயிரான பகுதி இதுதான், நல்ல ஷேப்பர்களின் திறமை தெரிவதும் இங்கேதான். முழுக்கத் தட்டையான பலகை நேராக மட்டுமே ஓட ஆசைப்படும். இதற்கு அவர்கள் கண்ட வழி அடிப்புறக் குழிவு. வளைந்த அடிப்புறத்தின் நடுக்கோட்டில் ஃபோமைச் சீவி எடுக்கும்போது, நடுப்பகுதியில் அதிகமாகவும், மூக்கை நோக்கியும் வால்நுனியை நோக்கியும் போகப்போகக் குறைவாகவும் எடுக்கிறார்கள். நடுக்கோட்டின் வளைவு இதனால் குறைந்துவிடுகிறது. ஓரத்தில் கை வைக்கவில்லை, ஆகவே ரெயிலின் வளைவு குறையவில்லை. ஒரே போர்டில் இரண்டு வளைவுகள் கிடைத்துவிட்டன. நேராக நிறுத்தி ஓட்டும்போது தட்டையான நடுக்கோட்டில் ஓடுகிறீர்கள், வேகம் வருகிறது. உடம்பைச் சாய்த்து ரெயிலை அமிழ்த்தியதும் வளைந்த கோட்டில் ஓடுகிறீர்கள், போர்டு திரும்புகிறது.

அதனால் கவிழ்த்துப் போட்ட அதே போர்டில் அளவுகோலைக் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். முன்பாதம் வரும் இடத்தில் தொடங்கும் ஒற்றைக் குழிவு ஃபின்களுக்கு இடையே இரட்டைக் குழிவாகப் பிரிந்து, கடைசியில் லேசான வீ வடிவத்தில் வெளியேறினால் இரண்டு வகை அலைக்கும் பொருந்தும். அகலமான வால் ஒரு ரெயிலிலிருந்து இன்னொன்றுக்குச் சாயச் சோம்பல்படும். அந்த வீ அதைப் புரட்டிவிட உதவும். மிக ஆழமான குழிவு வேண்டாம். காற்றில் கலங்கிய நீரில் அது தடதடக்கும்.

ரெயிலைக் கையால் பிடித்துப் பாருங்கள், நான் சொல்வதைவிட விரல்கள் நன்றாகச் சொல்லும். கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் இருக்க, நெஞ்சு படும் இடத்தில் பிடித்து அப்படியே வால்வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். நெஞ்சுப் பகுதியில் நடுத்தரமாக நிறைந்தும், பின்னால் வரவர மெலிந்தும், ஃபின் பக்கத்தில் கீழ்விளிம்பு நகத்தில் தட்டுப்படும் அளவு கூராகவும் இருக்க வேண்டும். அந்தக் கூர் இருந்தால்தான் நீர் ரெயிலைச் சுற்றி மேலே ஏறாமல் அறுத்துக்கொண்டு விலகும். பிடி முழுக்க ஒரே பருமனாக இருந்தால், லிட்டரைக் கூட்டுவதற்காக ஓரத்தில் ஃபோமை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூடுதல் ஃபோம் இருக்க வேண்டிய இடம் நெஞ்சுக்குக் கீழே, நடுக்கோட்டை ஒட்டி.

அகலத்தைப் பொறுத்தவரை, நடுவில் உள்ள எண்ணைவிட வாலில் உள்ள எண்ணைக் கேளுங்கள். வால்நுனியிலிருந்து 12 அங்குலம் முன்னால் வந்து அளப்பது வழக்கம். உங்கள் பழைய போர்டில் அது 14 அல்லது 14½ இருக்கும். புதியதில் 15 நல்ல அளவு. 15½ தாண்டினால் தலையளவு அலையில் வால் நீரைவிட்டு எழும்பத் தொடங்கும். மூக்குப் பக்கம் அதே அளவில் ஒரு அங்குலம் கூடினால் போதும். நீளம் குறைவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பரப்பை அகலத்தில் வாங்கிவிட்டதால் நீளத்தில் குறைக்க முடிகிறது. சிறிய அலையின் முகம் குட்டையானது, வளைவும் நெருக்கமானது. நீளப் போர்டுக்கு அங்கே புரள இடம் கிடைக்காது.

வால் வடிவத்தில் ஸ்குவாஷ், அதாவது மூலை மழுங்கிய சதுர வால் எடுத்தால் தவறாகப் போக வாய்ப்பில்லை. நடுவில் வெட்டிய ஸ்வாலோ வாலில் பரப்பும் கிடைக்கும், சாய்க்கும்போது ஒரு பக்கத்து நுனி மட்டும் நீரில் பிடித்துக்கொள்ளும் என்பதால் அகல வாலின் முரட்டுத்தனமும் கொஞ்சம் தணியும். இரண்டுக்கும் நடுவே எனக்குப் பிடித்தது ஸ்வாலோதான். ஆழமில்லாத வெட்டாக இருக்க வேண்டும். வட்டமாக முடியும் ரவுண்ட் வாலையும், ஊசி போலக் கூர்ந்து முடியும் பின் (pin) வாலையும் இந்த வேலைக்குத் தொடவேண்டாம்.

ஃபிஷ் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன் என்பதற்கு அது எப்படி வந்தது என்று தெரிந்தால் போதும். 1967-இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் முதலில் அதை முழங்காலிட்டு ஓட்டும் போர்டாகத்தான் செய்தார். குட்டை, அகலம், தட்டை, ஆழமாக வெட்டிய வால், கீல் (keel) எனப்படும் நீண்ட, தாழ்வான ஃபின் இரண்டு. முழங்காலில் இருப்பவரின் எடை தாழ்வாக இருக்கும், அவருக்கு வேண்டியது ஓட்டம். 1976-இல் ஹவாய் வீரர் ரெனோ அபெல்லிரா ஆஸ்திரேலியாவில் அப்படியொரு குட்டைப் போர்டை ஓட்டியதைப் பார்த்த ஆஸ்திரேலிய வீரர் மார்க் ரிச்சர்ட்ஸ் அதை நீட்டி, ஒடுக்கி, ஃபின்களை நிமிர்த்தி, தன் ட்வின் ஃபின் என்ற இரண்டு ஃபின் போர்டை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்கள் வென்றார். ஆக, சிறிய அலையில் கூர்மையாகத் திரும்ப நினைத்தவர் அப்போதே ஃபிஷ்ஷை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிஷ் அழகான போர்டு. நீண்ட, சாய்வான அலையில் அகன்ற வளைவுகள் போட அதற்கு ஈடில்லை. நீங்கள் கேட்டது உச்சிவரை நிமிர்ந்து ஏறித் திரும்புவது. அதற்கு அதன் நீண்ட கீல்கள் இசையாது.

ட்வின் ஃபின் பெரிய அலையில் வழுக்கியதால்தான் ஆஸ்திரேலிய வீரரும் ஷேப்பருமான சைமன் ஆண்டர்சன் 1980-இல் பின்னால் மூன்றாவது ஃபின் ஒன்றைச் சேர்த்து த்ரஸ்டரைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில் நடந்த போட்டியில் மிகப் பெரிய அலைகளில் அதை வைத்தே வென்றார். உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஃபின்களைச் செருகும் பெட்டிகள் ஐந்து உள்ள போர்டாகக் கேளுங்கள். மார்பளவும் அதற்கு மேலும் என்றால் மூன்று ஃபின். நடு ஃபின் வாலைப் பிடித்துக்கொள்ளும், அதை ஊன்றித் திரும்பலாம். இடுப்பளவு, சவசவ அலை என்றால் நான்கு. நடுக்கோட்டில் இழுக்கும் ஃபின் இல்லாததால் பக்கவாட்டில் ஓட்டம் கூடும், திரும்பும் வளைவு கொஞ்சம் நீளும். 72 கிலோவுக்குப் பெரும்பாலான நிறுவனங்களின் நடுத்தர அளவு ஃபின் பொருந்தும். மூன்றாகப் போடும்போது நடு ஃபின்னை மட்டும் ஓர் அளவு சிறிதாக்கிப் பாருங்கள். அகல வால் சட்டென்று இலகுவாவது தெரியும். வேறொரு போர்டு வாங்கியது போலவே இருக்கும்.

பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலியுரெத்தேன் ஃபோம், பாலியெஸ்டர் பிசின் என்ற பழைய வழி கனமானது, கலங்கிய நீரில் நிதானமாக ஓடும். இபிஎஸ் (பாலிஸ்டைரீன் மணிகளால் ஆன) ஃபோம், எபாக்ஸி பிசின் என்ற வழி இலகுவானது, சற்று மேலே மிதக்கும், சிறிய அலையில் துறுதுறுப்பாக இருக்கும். 2005 டிசம்பரில், ஷேப்பர்களுக்குப் பாலியுரெத்தேன் ஃபோம் தந்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டபோது அமெரிக்காவில் ஷேப்பர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் தேவைக்கு இபிஎஸ் நல்ல தேர்வு. ஆனால் அதில் விரிசல் விழுந்தால் அன்றைக்கே கரையேறிவிடுங்கள். மணி மணியான அந்த ஃபோம் நீரை உறிஞ்சிக்கொண்டே போகும். வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவைப்பதும் ஆகாது. இரண்டு வகைக்குமே கெடுதல், எபாக்ஸிக்கு இன்னும் சீக்கிரம்.

போர்டு வந்ததும் இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய போர்டில் நீங்கள் பின்காலை ஊன்றியே ஓட்டியிருப்பீர்கள். வாலில் நின்று ஆட்டி ஆட்டி வேகம் எடுப்பது தட்டையான போர்டில் எதிர்வேலை செய்யும். எழுந்ததும் எடையை முன்காலுக்குக் கொண்டுவாருங்கள், போர்டு தானே ஓடத் தொடங்கும். ஓட்டம் வந்த பிறகு, திரும்பும் அந்த நேரத்துக்கு மட்டும் பின்காலை ஃபின்களுக்கு நேர் மேலே வைத்து அழுத்துங்கள். இரண்டாவது, இறங்கும் கோணம். மூக்கு வளைவு குறைவு என்பதால் தலையளவு அலையில் தாமதமாக எழுந்து நேரே கீழே இறங்கினால் குத்திவிடும். சற்று முன்னதாகவே பிடித்து, போக வேண்டிய பக்கம் சாய்த்து இறங்குங்கள். துழாவும் வேகம் கூடியிருப்பதால் முன்னதாகப் பிடிப்பது சிரமமில்லை.

இந்தப் போர்டுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. தலைக்கு ஓரடி மேலே, அதுவும் குழாயாக மடியும் அலை என்றால் அகல வால் பிடி விட்டு நழுவும். அந்த நாட்களுக்காகப் பழைய 28 லிட்டரை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அலைக்கும் ஒரே போர்டு தேடினால் இடுப்பளவிலும் சுமார், தலைக்கு மேலும் சுமார் என்ற ஒன்றுதான் கையில் வரும்.

ஷேப்பரிடம் கேட்கும்போது இப்படிச் சொல்லலாம்: 5 அடி 9 அங்குலம், 19¾ அகலம், 2½ தடிமன், 30 அல்லது 31 லிட்டர். வால் ராக்கர் இரண்டேகாலுக்குள். ஒற்றைக் குழிவு இரட்டையாகி வீயில் முடிய வேண்டும். ஆழமில்லாத ஸ்வாலோ அல்லது ஸ்குவாஷ், ஐந்து ஃபின் பெட்டி. முடிந்தால் பழைய போர்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் உங்கள் பாதம் பதிந்து மேற்புறம் குழிந்திருக்கும் இடங்களைப் பார்த்தாலே நீங்கள் எங்கே நின்று ஓட்டுகிறீர்கள் என்று அனுபவமுள்ள ஷேப்பர் கண்டுகொள்வார். அகலமான இடத்தை நடுவுக்கு எவ்வளவு முன்னால் வைப்பது என்பதை அதை வைத்து அவரே முடிவு செய்யட்டும்.